அந்தப் போனைத் திறந்தது நான்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. நான் வேலை பார்த்த செல்போன் சர்வீஸ் சென்டரின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து மட்டும் என்னை இன்னும் எடுக்கவில்லை. போன வாரம் அதில் ஒரு அறிவிப்பு வந்தது. எங்கள் சர்வீஸ் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பில் பூட்டை நீக்கும் வசதியையே கம்பெனி எடுத்துவிட்டதாம். இனிமேல் போனுக்கு உரியவர் தன் கணக்கில் நுழைந்து சம்மதம் கொடுத்தால்தான் எதுவும் நடக்கும்.

கீழே டெக்னீஷியன்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். கஸ்டமரிடம் யார் திட்டு வாங்குவது என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்குப் பிறகு சேர்ந்த ஒரு பெண் என் பெயரைப் போட்டே கேட்டிருந்தாள்: "வசந்தாக்கா, ஒங்க டைம்ல டேட்டா போவாமயே பேட்டர்ன் எடுப்பீங்களாமே? எம்மாம் ஈஸியா இருந்திருக்கும் இல்ல?"

'ஆமாம், எடுப்போம்' என்று தட்டினேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். அவள் கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் அது பொய்யாகிவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் ஒதியம்பட்டு. தொழிற்பேட்டையில் டிவிக்கு சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தேன். அதை மூடியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. வில்லியனூரில் ஒரு செல்போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் புதிதாகத் திறந்திருந்தார்கள். சால்டரிங் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். சென்னையில் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள். மைக், ஸ்பீக்கர், சார்ஜிங் பின் மாற்றுவதெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. என்னைப் பயமுறுத்தியது கம்ப்யூட்டர்தான். டச் போன்கள் வந்த பிறகு பாதி வேலைக்கு மேல் அதற்குள் போய்விட்டது. ஸ்க்ரூடிரைவரே எடுக்காமல் ஒரு நாளைக்குப் பத்துப் போனைச் சரிசெய்து அனுப்பிய நாட்கள் உண்டு.

லோகோவோடு நின்றுவிடும் போன், தானாகவே அணைந்து அணைந்து எரியும் போன், சிம் எடுக்காத போன் இவையெல்லாம் அந்த மேஜைக்கு வரும். சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்ற வேண்டும். அதை ஃபிளாஷ் போடுவது என்போம். முதலில் பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறதா பார்க்க வேண்டும். பிறகு பேட்டரியைக் கழற்றி அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வாய்விட்டுப் படித்து, திரையில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் போன் செத்துவிடும். கேபிளைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில்தான் சொருக வேண்டும், முன்பக்கத் துளை ஆடும். வால்யூம் பட்டன் இரண்டையும் சேர்த்து அழுத்திக்கொண்டே கேபிளை மாட்டினால் கம்ப்யூட்டர் ஒரு சத்தம் கொடுக்கும். பிறகு ஸ்டார்ட் அழுத்த வேண்டியதுதான். திரையில் ஒரு பட்டை மெதுவாக நகரும். அது முடியும்வரை மேஜையில் கையை ஊன்றக்கூட மாட்டோம்.

அந்த ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் எங்கள் மேலாளரைக் கூப்பிட வேண்டும். இது கம்பெனி சொன்ன விதி இல்லை, அவர் வைத்த விதி.

அவர் பெயர் ஆரோக்கியசாமி. பாகூர் பக்கத்துக்காரர். அப்பா அம்மா இரண்டு பேரும் வயல் கூலி வேலை செய்து அவரைப் பாலிடெக்னிக் படிக்கவைத்ததாகச் சொல்லியிருக்கிறார். எல்லாரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார், டீ கொண்டுவருகிறவரைக்கூட. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். 

கூப்பிட்டதும் நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். மூன்று கேள்வி கேட்பார்.

"யாருது? இன்னா போவும்? இன்னா நிக்கும்?"

"ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்களுது சார். சாஃப்ட்வேர் மட்டும் போவும். போட்டோ, நம்பர் எல்லாம் நிக்கும்."

"போடுங்க."

அவ்வளவுதான். ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதைச் சொல்வது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு திங்கள்கிழமை, கூட்டம் நெரித்தது. சார் கவுண்டரில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடாமலே ஸ்டார்ட் அழுத்திவிட்டேன். 'எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்று' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்ததைப் பார்க்கவில்லை.

போன் நரம்பையிலிருந்து வந்த அஞ்சலை என்கிற அம்மாவுடையது. மீன் வியாபாரம். எழுதப் படிக்கத் தெரியாது. வாடிக்கையாக மீன் எடுப்பவர்கள் ஒவ்வொருவரையும் போட்டோ பிடித்து, அந்த முகத்தோடு நம்பரைச் சேமித்துவைத்திருந்தார். யாரோ அப்படிச் செய்துகொடுத்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்துப் போன் போடுவார். போனை வாங்கிக்கொண்டு போனவர் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"இன்னாம்மா இது? ஒரு மூஞ்சியும் காணல?"

நான் சாரைப் பார்த்தேன். சார் கண்ணாடியைத் துடைத்தார். அந்த அம்மாவிடம், "தப்பு எங்களுது. நாங்க சரி பண்ணித் தர்றோம்" என்றார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு வேல இருக்கா?"

இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அஞ்சலையம்மாவின் பின்னால் நடந்தோம். அவர் மீன் கொடுக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஓட்டலிலும் சார் நின்று விஷயத்தைச் சொல்வார். நான் போட்டோ பிடித்து நம்பரை ஏற்றுவேன். சிலர் சிரித்தார்கள். ஒரு ஓட்டல்காரர் எங்களை வெயிலில் நிற்கவைத்தார். சார் எதற்கும் முகம் மாறவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மட்டும் சொன்னார்: "அவங்க நம்பகிட்ட குடுத்துட்டு வெளிய பெஞ்சில கவல இல்லாம ஒக்காந்திருந்தாங்க. அத பாத்தீங்களா நீங்க?"

அதன் பிறகு பல வருஷம் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. கேள்விகள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. நான் சீனியர் ஆகிவிட்டதால், தன்னைக் கூப்பிடும்படி சொல்வதையும் சார் நிறுத்திவிட்டார். நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்வேன்.

அந்த வருஷங்களில்தான் பேட்டர்ன் பூட்டு பெரிய வேலையாக வந்தது. ஒன்பது புள்ளிகளை விரலால் இணைத்துத் திறப்பது. மறந்துவிட்டு வருவார்கள். குழந்தை தப்பாகப் போட்டுப் போட்டுப் பூட்டிக்கொண்டது என்று வருவார்கள். அப்போது சில மாடல்களில், உள்ளே இருக்கும் எதையும் தொடாமல் பூட்டை மட்டும் எடுத்துவிட எங்கள் சாஃப்ட்வேரால் முடியும். நாலு நிமிஷ வேலை. போனை வாங்கிய பில்லும் அடையாள அட்டையும் இருந்தால் போதும் என்பது கம்பெனி விதி. சார் அதற்கு மேலும் ஒன்று வைத்திருந்தார். பில் யார் பெயரில் இருந்தாலும் சரி, போனைப் பயன்படுத்துகிற ஆள் நேரில் வந்து ஜாப் ஷீட்டில், அதாவது வேலைச் சீட்டில், கையெழுத்துப் போட வேண்டும். வர முடியாவிட்டால் வேறு போனிலாவது அவர் குரலைக் கேட்க வேண்டும்.

ஒரு நாள் சாருக்குச் சென்னையில் மீட்டிங். ஃபிளாஷ் மேஜையில் சில வேலைகள் எங்கள் லாகினில் ஓடாது; அவை நிற்கக் கூடாது என்று தன் லாகினைத் திறந்தே வைத்துவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை. ஒரு பிளாஸ்டிக் உறையில் பில், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் ஒழுங்காக அடுக்கிவைத்திருந்தார். பில் அவர் பெயரில்தான் இருந்தது.

"மேடம், எம் பொண்டாட்டிய பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரில சேத்திருக்கன். நெனப்பு இல்லாம இருக்கா. பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கான்னு டாக்டருங்க கேக்கறாங்க. அத இதுல போட்டோ புடிச்சி வெச்சிருக்கா. பேட்டர்ன் அவளுக்குத்தான் தெரியும்."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. பில்லை உறைக்குள் திரும்பச் சொருக முடியாமல் தடுமாறினார். அதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நடிப்பாக இருந்திருக்கலாம். அவசரமாகவும் இருந்திருக்கலாம். நான் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

நினைப்பில்லாமல் கிடப்பவளிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது? ஜாப் ஷீட் போட்டால் பயன்படுத்துபவர் கையெழுத்து இல்லாமல் அது நகராது. அதனால் போடவில்லை. யாருடையது என்று கேட்டுக்கொண்டேனா என்றால், கேட்டுக்கொண்டேன். 'இவர் பொண்டாட்டியுடையது' என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

பட்டை நகர்ந்து முடிந்தது. போன் திறந்தது. திரையில் வில்லியனூர் தேர்த் திருவிழாவில் எடுத்த படம் ஒன்று. கூட்டத்தில் ஒட்டி நின்று சிரிக்கும் இரண்டு பெண்கள். அவர் போனை என் கையிலிருந்து எடுத்த வேகத்தில் என்னால் அந்த முகங்களை ஒரு கணம்தான் பார்க்க முடிந்தது. எவ்வளவு என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். "ஒங்க வூட்டம்மா நல்லபடியா எழுந்து வரட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மனசு நிறைவாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்று வாரம் இருக்கும். அதே மாதிரி ஒரு மத்தியானம். இடது கையில் முழங்கைவரை மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. கவுண்டரில் நிற்காமல் நேராக டெக்னீஷியன் மேஜைகள் இருக்கும் கண்ணாடித் தடுப்புக்கு வந்தாள்.

"இங்க போன் ரிப்பேர் பண்ற பொம்பள யாரு?"

"நாந்தாம்மா. சொல்லுங்க."

"போன மாசம் ஒரு கறுப்பு போன். பின்னாடி மூடில குறுக்க ஒரு கீறல் இருக்கும். பேட்டர்ன் எடுத்துக் குடுத்தீங்களா?"

எனக்கு அந்தக் கீறல் ஞாபகம் வந்தது. படத்தில் சிரித்த முகமும் ஞாபகம் வந்தது. நான் எழுந்து நின்று, சிரித்துக்கொண்டே கேட்டேன்: "ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டீங்களா? இப்ப ஒடம்பு எப்பிடி இருக்குது?"

அவள் என்னையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு நான் அப்பாலதான் போனேன். நீங்க தொறந்து குடுத்தப்புறம்."

அவள் பெயர் தேன்மொழி. நின்றபடியே சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. புருஷனிடம் அடி தாங்க முடியாமல் வீட்டைவிட்டுப் போயிருக்கிறாள். போவதற்கு முதல் நாள் அவள் போனைப் பிடுங்கிவைத்துக்கொண்டான். அதனால் போன் இல்லாமலே கிளம்பிவிட்டாள். கூடப் படித்த தோழி ஒருத்தி திருக்கனூரில் வாடகைக்கு ஒரு அறை பார்த்துக்கொடுத்து, நெல் மண்டி ஒன்றில் பில் எழுதும் வேலையும் வாங்கிக்கொடுத்திருக்கிறாள். எந்தத் தெரு, எந்த மண்டி என்று அந்தத் தோழி முன்பே அனுப்பிய செய்திகளெல்லாம் போனில் இருந்தன. அவன் பேட்டர்னைப் போட்டுப் போட்டுப் பார்த்து, முடியாமல், எங்களிடம் கொண்டுவந்திருக்கிறான். என்னிடமிருந்து வாங்கிப்போன மறுநாள் காலையில் மண்டி வாசலில் போய் நின்றான். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து பிடிப்பதற்குள், எடைக்கல்லால் அவள் கையில் அடித்துவிட்டான். மணிக்கட்டு நொறுங்கிப் போனது.

"'வில்லியனூர்ல ஒரு பொம்பள நாலு நிமிஷத்துல தொறந்து குடுத்தா'ன்னு சொல்லிக்கினே அடிச்சான்" என்றாள்.

 என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதோ சொன்னேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் ஒங்ககிட்ட சண்ட போட வர்ல. போலீஸ்ல அவன் இன்னா சொல்றான்னா, போன் எங்கிட்டதான் இருந்துச்சாம். நானே எடத்த சொல்லி வரச் சொன்னேனாம். பேச்சு வார்த்தைல நானே வழுக்கி எடைக்கல்லு மேல வுழுந்துட்டேனாம். இப்ப அந்தப் போனையும் காணோம்ன்றான். அன்னிக்கு போன் அவன் கையிலதான் இருந்துச்சுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

"சாரக் கேக்கணும்மா" என்றேன்.

"எம் போன தொறக்கறப்ப யாரயும் கேக்கலியே நீங்க."

ஒரு காகிதத்தில் போலீஸ் ஸ்டேஷன் பெயரையும் தோழியின் நம்பரையும் எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

சார் அன்று ஸ்பேர் பார்சல் எடுக்க டவுனுக்குப் போயிருந்தார். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் சாஃப்ட்வேர் தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் தனித்தனி கோப்பாகச் சேமித்துவைக்கும். ஹிஸ்டரி என்போம். தேதி, நேரம், மாடல், போனின் பதினைந்து இலக்க எண், செய்த வேலை, யாருடைய லாகின் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த நாளைத் தேடி எடுத்தேன். பூட்டு நீக்கப்பட்டது என்று ஒரு வரி. அதற்குக் கீழே லாகின் பெயர். அது என் பெயர் இல்லை. ஆரோக்கியசாமி என்று இருந்தது.

ஜாப் ஷீட் இல்லை. கேமரா பதிவு பத்து நாளில் தானாக அழிந்துவிடும். அந்தப் போன் அன்று எங்கள் மேஜையில் இருந்தது என்பதற்கு இந்த ஒரு கோப்பைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. இது வெளியே போனால் முதலில் மாட்டுவது சார். சென்டரின் உரிமமே போகலாம். என் வேலை நிச்சயம் போகும். என் வீட்டில் அப்போது சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான்.

கோப்பின் மேல் அழுத்தினேன். நீக்கவா என்று கேட்டது. ஆம் என்று கொடுத்தேன்.

சாரைக் காப்பாற்றுவதற்காகத்தான் செய்தேன் என்று கொஞ்ச நேரம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு வழக்கமான வேலையை எடுத்தேன். லோகோவில் நின்ற ஒரு போன். மாடல் எண்ணை வாய்விட்டுப் படித்தேன், பாதியில் எண் தவறியது. மறுபடியும் முயற்சி செய்தேன். பக்கத்து மேஜைக்காரர் சாப்பிட்டு வந்து, "இன்னா வசந்தாக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்றார். தேன்மொழி வைத்துவிட்டுப்போன காகிதம் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. வலது கையால் அவள் எழுதும்போது, காகிதம் நகராமல் இருக்க மாவுக்கட்டை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. காகிதத்தில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது.

கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியைத் திறந்தேன். கோப்பு அங்கேதான் இருந்தது. திரும்ப எடுத்து அதன் இடத்தில் வைத்தேன்.

சார் பார்சலோடு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அழித்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் அந்தக் கோப்பைப் படித்தார்.

"இதுல எம் பேரு இருக்குது."

"ஆமா சார். நான்தான் செஞ்சேன்னு எங்க வேணாலும் வந்து சொல்றேன் சார்."

"லாகின தொறந்து வெச்சிட்டுப் போனது நான். அது என் தப்பு, அத நான் சொல்லிக்கறேன். நீங்க ஒங்களத சொல்லுங்க." கோப்பை மூடினார். பிறகு, "அந்தப் பொண்ணு கைய அசைக்க முடியுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

அன்றைக்கே அவர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். கவுண்டரிலேயே உட்கார்ந்து, நாலு வரி. இப்படி நடந்தது, என் லாகினில் நடந்தது, விதியை மீறி நடந்தது, போலீஸ் கேட்டால் பதிவைக் கொடுக்கப்போகிறேன் என்று. அனுப்பிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். எஸ்.ஐ. எங்கள் இரண்டு பேர் வாக்குமூலத்தையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் அவர்கள் வந்து கோப்பை நகல் எடுத்தார்கள். இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்ததுதான், இதில் யாரும் எதையும் மாற்றவில்லை என்று மேலாளர் சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதும்போது சார் நிமிர்ந்து, "ஒரு மணி நேரம் அழிஞ்சிருந்து திரும்ப எடுத்ததயும் எழுதணும்" என்றார். எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதையும் எழுதினார்.

கம்பெனி என் லாகினை முடக்கியது. ஒன்றரை வருஷம் நான் சார்ஜிங் பின்னைச் சுத்தம் செய்வதும் பேட்டரி மாற்றுவதுமாக இருந்தேன். வேலையைவிட்டு எடுக்காததற்குச் சார் எழுதிய இன்னொரு கடிதம்தான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. தனக்காக அவர் எதையும் எழுதவில்லை. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளில் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"கேள்வி மூணும் ஒங்களுக்கு மனப்பாடம்" என்றார். "நான் ஒங்கள கேக்கறத நிறுத்தியிருக்கக் கூடாது."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. என்னைக் கூண்டில் ஏற்றிய அன்று, அந்த ஆள் அதே மாதிரி வெள்ளைச் சட்டையில் எதிரே நின்றான். அவனுடைய வக்கீல் கேட்டார்: பதிவில் ஆரோக்கியசாமி என்று இருக்கிறது, நீங்கள்தான் செய்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? நான் சொல்வதுதான் ஆதாரம் என்றேன். இதே கோப்பை நீங்கள் அழித்தீர்களா? அழித்தேன். அப்படியானால் நீங்கள் நம்பத்தக்கவர்தானா?  "பயந்து அழிச்சேன். அப்பறம் திரும்ப எடுத்தேன். ரெண்டும் நடந்துச்சு" என்றேன். நீதிபதி அதை அப்படியே எழுதச் சொன்னார். போன் திறக்கப்பட்ட அந்த நாளில் தேன்மொழி திருக்கனூர் மண்டியில் தன் கையெழுத்தில் எழுதிய பில் புத்தகத்தையும் காட்டினார்கள். போன் ஒரு ஊரிலும் அவள் ஒரு ஊரிலும் இருந்தது உறுதியானது. அவனுக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் கொஞ்சம் குறைந்தது. அவளுக்கு விவாகரத்தும் கிடைத்தது.

சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, நீதிமன்ற வராந்தாவில் அவள் தோழியோடு நின்றிருந்தாள். கிட்டே போனேன். மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போனேன். வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"வந்து சொன்னீங்க. சரி. வேற எதயும் எங்கிட்ட கேக்காதீங்க."

நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

என் லாகின் திரும்ப வந்தபோது போன்கள் மாறிவிட்டிருந்தன. பூட்டை எடுத்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து போய்விடும். அழுதுகொண்டு வருபவர்களிடம், முடியாது என்று சொல்வதே வேலையாக இருந்தது. பலர் திட்டினார்கள். ஓய்வு பெறும்வரை அதைச் சொன்னேன். யார் நல்லவர், யார் பொய் சொல்பவர் என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்ய எனக்கு அதன் பிறகு வரவே இல்லை. அது இழப்புதான். பாதிப் பேராவது உண்மையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருப்பார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால், கவுண்டரிலிருந்து ஒரு ஜாப் ஷீட் வந்தது. டிஸ்பிளே உடைந்த போன். பெயர் தேன்மொழி. ஊர் திருக்கனூர். அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள்தான் நின்றிருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாள். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் நீட்டியபடி இருந்தன.

வேறு சென்டர்கள் இருக்கின்றன. திருக்கனூரிலிருந்து பஸ் ஏறி அவள் ஏன் இங்கே வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஜாப் ஷீட்டில் ஒன்பது புள்ளி போட்ட ஒரு கட்டம் இருக்கும். டிஸ்பிளே மாற்றிய பிறகு டச் எல்லா இடத்திலும் வேலை செய்கிறதா என்று பார்க்க, கஸ்டமர் தன் பேட்டர்னை அதில் வரைந்து கொடுப்பார். எல்லாரும் வரைவார்கள். அவளுடையதில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"வெளிய பெஞ்சில ஒக்காருங்கம்மா. ஒரு மணி நேரம் ஆவும்" என்றாள் கவுண்டர் பெண்.

"நான் இங்கயே ஒக்காந்துக்கறேன்."

எனக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உடைந்த கண்ணாடியைச் சூடாக்கி, நெம்பி எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, புது டிஸ்பிளேயைப் பொருத்தினேன். ஒரு மணி நேரமும் அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  போனைப் போட்டேன். எரிந்தது. பூட்டுத் திரை வந்து நின்றது.

போனைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதை எடுத்து, மடங்காத விரல்களின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பிக்கோங்க" என்றாள்.

நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பின்னால் விரல் கண்ணாடியில் உரசும் சத்தம் மெல்லக் கேட்டது.

"ம்."

திரும்பினேன். போன் திறந்திருந்தது. அவள் அதை மேஜையில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். மூலைக்கு மூலை விரலை ஓட்டிப் பார்த்தேன். மேலே, கீழே, ஓரத்தில். எங்கேயும் தடையில்லை. திருப்பிக் கொடுத்தேன். அவளும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள்.

"நல்லா வருது" என்று சொல்லி, ஜாப் ஷீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.